ஆறு மாதப் பகலும் விட்டுப்போன மைம்மலும்

பொழுதுபட்டு ஒரு மணித்தியாலம் கழித்து, ஆனையிறவில் நின்று வடக்கே பாருங்கள். கையை நேரே நீட்டி விரல்களை மடக்கி, முஷ்டியின் அடி தொடுவானத்தைத் தொடும்படி பிடியுங்கள். முஷ்டியின் மேல் விளிம்பை ஒட்டி, குடாநாட்டுப் பனைகளுக்குச் சற்று மேலே, பெரிதாகப் பிரகாசமில்லாத ஒரு நட்சத்திரம் தெரியும். அதுதான் துருவ நட்சத்திரம். நீட்டிய கையின் முஷ்டி வானத்தில் ஏறக்குறைய 10 பாகையை மறைக்கும். ஆனையிறவு இருப்பது 9.5 பாகை வட அகலாங்கில். ஓர் ஊரில் துருவ நட்சத்திரம் எவ்வளவு உயரத்தில் நிற்கிறதோ ஏறக்குறைய அவ்வளவுதான் அந்த ஊரின் அகலாங்கு. ஒல்லாந்தர் காலத்தில் வன்னிக் காட்டு யானைகளை ஆனையிறவுக் களப்பில் இறக்கி யாழ்ப்பாணத்துக்கு ஓட்டிக்கொண்டு போனவர்களுக்கும் அந்த நட்சத்திரம் ஏறக்குறைய இதே ஒரு முஷ்டி உயரத்தில்தான் வழி காட்டியிருக்கும். வட துருவத்தில் நிற்பவனுக்கோ அது உச்சந்தலைக்கு மேலே. அவனுக்கு அது திசை காட்டாது. அங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் தெற்குதான்.

துருவங்களைப் பற்றி நாமெல்லாம் பள்ளிக்கூடத்தில் ஒரே ஒரு வரி படித்தோம்: அங்கே ஆறு மாதம் பகல், ஆறு மாதம் இரவு. சோதனைத்தாளில் அதற்கு ஒரு புள்ளியும் கிடைத்தது. அந்த வரி பொய் என்று சொல்ல வரவில்லை. காற்றே இல்லாத ஒரு வழவழப்பான உருண்டைக்கு, புள்ளி அளவேயான ஒரு சூரியனுக்கு, அது சரி. நாம் வாழும் பூமிக்கு வளிமண்டலம் இருக்கிறது. சூரியனுக்குப் பருமன் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் பகல் ஒரு பக்கம் நீள்கிறது, இரவு மறுபக்கம் சுருங்குகிறது, நடுவில் பகலும் இல்லாத இரவும் இல்லாத ஒன்று வாரக்கணக்கில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. நம் ஊரில் அதற்கு அருமையான பெயர்கள் உண்டு. செக்கல் என்போம், மைம்மல் என்போம், கருக்கல் என்போம். பாடப்புத்தகத்தின் அந்த ஒற்றை வரியில் விட்டுப்போனது இந்த மைம்மல்தான். துருவத்தில் மனிதர் கண்டு வியக்க வேண்டியதும் அதுவே என்பது என் எண்ணம்.

இந்த எண்ணம் எனக்குப் புத்தகத்திலிருந்து வந்ததல்ல. நோர்வேயின் வடகோடி மாகாணமான ஃபின்மார்க்கில் என் உறவுக்காரர் ஒருவர் இருக்கிறார். எண்பதுகளில் மீன் பதனிடும் தொழிற்சாலை வேலைக்கென்று போனவர். ஒரு மார்கழி மாதம் மாலை நான்கரைக்கு அவருக்குப் போன் எடுத்தேன். அங்கே அப்போது மத்தியானம் பன்னிரண்டு. “என்ன மச்சான், அங்க பொழுது பட்டிட்டுதோ?” என்று வேடிக்கைக்குக் கேட்டேன். “இஞ்ச பொழுது கிளம்பினாத்தானே படுறதுக்கு” என்றார். சரி, கும்மிருட்டு போலும் என்று அனுதாபப்பட்டேன். “ஆர் சொன்னது? வெளியில நிண்டு பேப்பர் வாசிக்கலாம். எல்லாம் நீலமாக் கிடக்கு” என்றார். எனக்கு அது புரியவில்லை. சூரியன் கிளம்பாத நாளில் பேப்பர் வாசிப்பது எப்படி?

வீட்டில் செய்து பார்க்கக்கூடிய விளக்கம் ஒன்று உண்டு. கூடத்தின் நடுவே ஒரு விளக்கை வையுங்கள். ஒரு தேங்காயை எடுத்து, குடுமிப் பக்கம் சற்றே அடுக்களைச் சுவரை நோக்கிச் சாயும்படி பிடியுங்கள். அந்தச் சாய்வின் திசையை மாற்றாமல் விளக்கைச் சுற்றி ஒரு முறை நடந்து வாருங்கள். விளக்குக்கு ஒரு பக்கத்தில் நிற்கும்போது குடுமி வெளிச்சத்தை நோக்கிச் சாய்ந்திருக்கும். எதிர்ப்பக்கம் போனதும் அதே குடுமி இருட்டை நோக்கிச் சாய்ந்திருக்கும். நீங்கள் தேங்காயைத் திருப்பவில்லை. நின்ற இடம்தான் மாறியது. பூமியின் அச்சும் அப்படித்தான், 23.4 பாகை சாய்ந்தபடி, எப்போதும் ஒரே திசையைப் பார்த்துக்கொண்டு சூரியனைச் சுற்றுகிறது. ஜூன் 21 அளவில் வட துருவம் சூரியனை நோக்கி முழுச் சாய்வில் நிற்கும். டிசெம்பர் 21 அளவில் முழுதாக விலகி நிற்கும். தேங்காயைக் கையில் உருட்டிப் பாருங்கள். எவ்வளவு வேகமாக உருட்டினாலும் குடுமி வெளிச்சத்தை விட்டுப் போவதில்லை, அல்லது வெளிச்சத்துக்குள் வருவதில்லை. நமக்குப் பகலையும் இரவையும் தருவது பூமியின் உருளல். துருவத்துக்கு அவற்றைத் தருவது பூமியின் நடை.

சாய்வு 23.4 பாகை என்பதால் துருவத்திலிருந்து அதே 23.4 பாகைக்குள் உள்ள ஊர்கள் எல்லாம், அதாவது 66.6 பாகைக்கு மேற்பட்டவை, ஆண்டில் ஒரு நாளாவது பொழுது படாமலும் ஒரு நாளாவது பொழுது கிளம்பாமலும் இருக்க வேண்டும். எல்லைக்கோட்டில் ஒரு நாள். உள்ளே போகப் போக நாட்கள் கூடும். வட நோர்வேயின் ட்ரொம்சோ நகரில் மே 20 அளவிலிருந்து ஜூலை 22 அளவு வரை சூரியன் மறையாது. நவம்பர் கடைசி வாரத்திலிருந்து ஜனவரி நடு வரை கிளம்பாது. அதற்கு வெகு வடக்கே, ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தில் 79 பாகையை ஒட்டி, நி-ஓலசுண்ட் என்ற ஆராய்ச்சிக் குடியிருப்பு உண்டு. 2008 ஜூலை 1 அன்று இந்தியா ஹிமாத்ரி நிலையத்தை அங்கேதான் திறந்தது. அங்கே ஒக்டோபர் கடைசியில் போன சூரியன் பெப்ரவரி நடுவுக்குப் பிறகுதான் எட்டிப் பார்க்கும். தெற்கே, அந்தாட்டிக்காவில் இந்தியாவின் மைத்ரி நிலையம் 70.8 பாகையில் இருக்கிறது. நமக்கு வெயில் எரிக்கும் ஜூன் மாதம் அங்கே சூரியனில்லாத காலம். மொத்தம் ஏறக்குறைய இரண்டு மாதம்.

ஆனையிறவின் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். ஜூன் 21 அன்று இங்கே பகல் 12 மணித்தியாலம் 41 நிமிடம். டிசெம்பர் 21 அன்று 11 மணித்தியாலம் 34 நிமிடம். ஆண்டு முழுதும் ஏறி இறங்கினாலும் வித்தியாசம் ஒரு மணித்தியாலமும் சில நிமிடமும்தான். அதனால்தான் நமக்குப் பகல் நீளுவதும் குறுகுவதும் உறைப்பதில்லை. மழை எப்போது, வாடைக்காற்று எப்போது என்பதுதான் உறைக்கும். ஆனால் ஆண்டு முழுவதற்கும் கூட்டிப் பார்த்தால், துருவத்துக்குச் சூரியன் கஞ்சத்தனம் பண்ணுகிறது என்று நாம் பரிதாபப்படுவதற்கு இடமே இல்லை. பூமியில் எந்த ஊருக்கும் சூரியன் அளந்து கொடுப்பது ஏறக்குறைய ஆண்டில் பாதி. நமக்கு அதை நாள்தோறும் படியளக்கிறது. துருவத்துக்கு ஆண்டுக்கொரு முறை மொத்தமாகக் கொட்டிவிடுகிறது. சரியாகச் சொல்லப்போனால் வட துருவத்துக்கு நம்மைவிட நூறு மணித்தியாலத்துக்கு மேல் கூடுதலாகவே கிடைக்கிறது.

அந்தக் கூடுதலுக்குக் காரணம் இரண்டு. பூமியின் பாதை சரியான வட்டமல்ல. ஜனவரித் தொடக்கத்தில் சூரியனுக்குக் கிட்ட வந்து வேகமாக ஓடும். ஜூலைத் தொடக்கத்தில் விலகிப் போய் மெதுவாக நகரும். இதனால் மார்ச் மாதச் சம இராப்பகலிலிருந்து செப்டெம்பர் சம இராப்பகல் வரை 186 நாள் ஆகிறது. மறு பாதிக்கு 179 நாள்தான். வடக்கின் கோடை மெதுவாக நடக்கும் பக்கத்தில் விழுந்தது வடக்கின் அதிர்ஷ்டம். இரண்டாவது காரணம் காற்று. வளிமண்டலத்துக்குள் நுழையும் ஒளி முறிவதால், உண்மையில் தொடுவானத்துக்குக் கீழே போய்விட்ட சூரியன் நம் கண்ணுக்கு இன்னும் மேலே நிற்பதுபோல் தெரியும். இந்தத் தூக்கல் அரைப் பாகைக்குச் சற்று மேல். சூரியனின் மேல் விளிம்பு தெரிந்தாலே பகல் என்று வைப்பதால் இன்னொரு கால் பாகையும் சேரும். ஆனையிறவில் இதனால் கிடைக்கும் லாபம் ஒரு நாளைக்கு ஏழு நிமிடம். யாரும் கவனிப்பதில்லை. துருவத்தில் அதே லாபம் காலையில் இரண்டு நாள், மாலையில் இரண்டு நாள். எல்லாம் சேர்ந்து வட துருவத்தின் பகல் ஏறக்குறைய 190 நாள். மார்ச் 18 அளவில் கிளம்பும் சூரியன் செப்டெம்பர் 24, 25 வரை படாது. சூரிய உதயம் என்ற காட்சியே அங்கே வேறு. ஆனையிறவில் சூரியனின் மேல் விளிம்பு தலைகாட்டி முழு வட்டமும் வெளியே வர இரண்டு நிமிடத்துக்குச் சற்றுக் கூட ஆகும். துருவத்தில் அது ஒரு நாளுக்கும் மேல் எடுக்கும். தொடுவானத்தை ஒட்டிச் சுற்றிச் சுற்றி உருண்டபடி மெல்ல மெல்ல வெளியே வரும்.

இனி மைம்மலுக்கு வருவோம். பொழுது பட்டாலும் மேல்வானக் காற்றில் வெயில் பட்டுச் சிதறும் வரை நமக்கு வெளிச்சம் மிச்சம் இருக்கும். சூரியன் 6 பாகை கீழே போகும் வரை வெளியில் விளக்கில்லாமல் வேலை செய்யலாம். 12 பாகை வரை கடலில் தொடுவானக் கோடு தெரியும். 18 பாகை தாண்டினால்தான் வானியலாளன் ஒத்துக்கொள்ளும் முழு இருட்டு. ஆனையிறவில் சூரியன் ஏறக்குறைய செங்குத்தாகக் கீழே விழும். முதல் படிக்கு இருபது நிமிடத்துக்குச் சற்று மேல், மூன்று படியும் இறங்க ஒரு மணித்தியாலம் பத்து நிமிடம். செக்கலில் மாட்டைக் கட்டிவிட்டுக் கிணற்றடியில் கால் கழுவித் திரும்புவதற்குள் இருட்டிவிடும். துருவத்தில் சூரியன் விழுவதில்லை, சரிகிறது. செப்டெம்பர் கடைசியில் பட்ட பொழுதுக்குப் பிறகு, விளக்கில்லாமல் நடமாடும் வெளிச்சம் ஒக்டோபர் 8 அளவு வரை இருக்கும். இரண்டாம் படி ஒக்டோபர் 25 அளவில் முடியும். முழு இருட்டு நவம்பர் 13 அளவில்தான் வரும். ஜனவரி கடைசியிலேயே மறுபக்கத்தில் வெளிறத் தொடங்கிவிடும். ஆக, “ஆறு மாத இரவு” என்று நாம் எழுதிப் புள்ளி வாங்கியதில் நிஜமான இருட்டு பதினொரு வாரம். மீதி மூன்று மாதத்துக்கு மேல் செக்கலும் விடியப்புறமும்.

ஃபின்மார்க் உறவுக்காரர் பேப்பர் வாசித்த கதையும் இதோடு தெளியும். அவர் இருக்கும் இடம் 70 பாகைக்குச் சற்று மேல். டிசெம்பர் 21 நடு மத்தியானத்தில் சூரியன் அங்கே தொடுவானத்துக்கு 4 பாகைதான் கீழே நிற்கும். அது முதல் படிக்குள் அடக்கம். சூரியன் கிளம்பாத ஊர் வேறு, வெளிச்சம் வராத ஊர் வேறு. அந்த ஊரின் மார்கழி மத்தியானம் நம் ஊரில் பொழுதுபட்டுக் கால் மணித்தியாலம் கழிந்த நேரம். ஆனால் அங்கே அது மணிக்கணக்கில் நிற்கும்.

அந்தப் பதினொரு வார இருட்டையும் நிலவு சும்மா விடுவதில்லை. பூரணை நிலவு எப்போதும் சூரியனுக்கு எதிர்ப்பக்கம் நிற்கும். சூரியன் தொடுவானத்துக்கு அடியில் ஆழக் கிடக்கும் மாதங்களில் பூரணை நிலவு அதே அளவு மேலே நிற்க வேண்டும். ஆகவே துருவ மாரிகாலத்தில் நிலவு வளர்பிறை நடுவில் கிளம்பினால் இரண்டு வாரம் படாமல் வானைச் சுற்றிக்கொண்டிருக்கும். பூரணையும் அதற்குள் வந்து போகும். அமாவாசைப் பக்கத்து இரண்டு வாரம் கண்ணிலேயே படாது. கோடையில் இது தலைகீழ்: பூரணை நிலவை அங்கே யாரும் காண முடியாது.

துருவத்துக்குப் போகாமலே இதில் பெரும்பகுதியைக் கண்டுபிடித்தவர்கள் நம் பக்கத்தில் இருந்தார்கள். 499இல் எழுதப்பட்ட ஆரியபட்டீயத்தின் கோளபாதம், வடகோடி மேருவில் இருக்கும் தேவர்கள் சூரியனை அரையாண்டு தொடர்ந்து காண்கிறார்கள் என்கிறது. சூரிய சித்தாந்தமும் அதையே சொல்கிறது. சூரியன் மேடத்தில் நுழையும் சம இராப்பகலில் அந்தப் பகல் தொடங்குகிறது என்று கணக்கையும் சரியாக வைக்கிறது. இதை வைத்துப் பாலகங்காதர திலகர் 1903இல் ஒரு முழுப் புத்தகமே எழுதினார், வேத காலத்தவர் ஆர்க்டிக் பகுதியில் வாழ்ந்தவர்கள் என்று. படிக்கச் சுவையான நூல், நம்பத்தான் முடியவில்லை. கோளக் கணிதம் தெரிந்தவன் கால் நகர்த்தாமலே துருவத்தின் பகலைக் கணித்துவிடலாம். ஆரியபட்டர் சந்திரனில் நிற்பவனுக்குச் சூரியன் எவ்வளவு காலம் தெரியும் என்றும்தான் சொன்னார். அதற்காக நம் முன்னோர் சந்திரனில் குடியிருந்தார்கள் என்று யாரும் எழுதவில்லை. துருவத்தில் உண்மையாகவே வாழ்ந்தவன் முதலில் சொல்லியிருப்பது மூன்று மாத மைம்மலைத்தான். கணித நூல்களின் மேருவில் அது இல்லை. அந்தக் கணிதத்தில் காற்று கிடையாது.

நம் வீட்டு வழக்கில் இந்தத் தேவர் பகல் வேறொரு விதமாகப் புழங்குகிறது. தை முதல் ஆனி வரை தேவர்களுக்குப் பகல், ஆடி முதல் மார்கழி வரை இரவு, மார்கழி அவர்களின் விடியப்புறம். திருவெம்பாவைக் காலத்தில் இருட்டோடு எழுந்து குளிரக் குளிரக் கோயிலுக்குப் போன நினைவு எல்லாருக்கும் இருக்கும். துருவத்துக் கணக்கில் மார்கழி விடியப்புறம் அல்ல, நட்ட நடுச்சாமம். விடிவது பங்குனியில். மார்கழி, சூரியன் கீழே போவதை நிறுத்தித் திரும்பும் இடம் என்பதால் நடுச்சாமத்திலேயே நாள் மாறும் கடிகாரத்தைப்போல் தேவர்களும் வைத்துக்கொண்டார்கள் என்று சமாதானம் சொல்லலாம். கோயில் மணியை மூன்று மாதம் தள்ளி அடிக்கும்படி நான் கேட்கப்போவதில்லை.

காற்று செய்யும் வித்தையை ஆனையிறவில் நின்றுதான் விளங்கிக்கொள்ள வேண்டும். சித்திரை மத்தியானத்தில் ஏ9 வீதியில் உப்பளப் பக்கம் வருகிறவர்கள் பார்த்திருப்பார்கள்: தூரத்தில் தார் ரோட்டில் தண்ணீர் மினுங்கும், கிட்டப் போனால் இருக்காது. கானல். சூடேறிய தரையை ஒட்டிய காற்று இலேசாகவும் மேலே உள்ளது கனமாகவும் இருப்பதால் ஒளி மேல்நோக்கி வளைந்து, வானத்தைத் தரையில் காட்டுகிறது. பனி நாட்டில் இதன் தலைகீழ் நடக்கும். தரை குளிர்ந்து, மேலே சூடான காற்று மூடிபோல் படிந்திருக்கும். ஒளி கீழ்நோக்கி வளைந்து, பூமியின் வளைவையே தொடர்ந்து வெகுதூரம் ஓடிவரும். யாழ்ப்பாணத்தை 1658இல் பிடித்த அதே ஒல்லாந்தரின் மாலுமிகள், அதற்கு அறுபது ஆண்டு முன்பு, கிழக்கே வரக் குறுக்குவழி தேடி வடகடலில் போனார்கள். வில்லெம் பாரென்ட்ஸ் தலைமையில் போன கப்பல் நோவயா செம்ல்யா தீவுக்கூட்டத்தில் பனியில் இறுகிவிட்டது. கப்பல் பலகையில் குடிசை அடித்து மாரிகாலத்தைக் கழித்தார்கள். 1597 ஜனவரி 24 அன்று தொடுவானத்தில் சூரியனைக் கண்டதாகக் குழுவில் இருந்த கெரிட் டி வீர் எழுதிவைத்தார். கணக்குப்படி சூரியன் தெரிய இன்னும் இரண்டு வாரம் இருந்தது. ஊர் திரும்பியதும் படித்தவர்கள் நம்ப மறுத்தார்கள். நாட்கணக்கைத் தவறவிட்டிருப்பார்கள் என்றார்கள். பாரென்ட்ஸ் திரும்பும் வழியிலேயே இறந்துபோனார். அந்த மாலுமிகள் கண்டது உண்மையான சூரியனின் ஒளிதான் என்று பிற்காலம் ஏற்றுக்கொண்டது. 1915 மே மாதம் தென்கோடியில் பனியில் சிக்கிய துருவப் பயணி ஷாக்கிள்டனின் குழுவுக்கும், ஆண்டுக்குரிய கடைசித் தரிசனம் முடிந்தது என்று விடைகொடுத்த சூரியன் ஒரு வாரம் கழித்து மறுபடி வந்து நின்றது. நம் கானல் இல்லாத தண்ணீரைக் காட்டும். அவர்கள் கானல் இன்னும் வராத சூரியனைக் காட்டும்.

உப்பளத்தைச் சொன்ன பிறகு வெயிலின் பலத்தைச் சொல்லாமல் விட முடியாது. இத்தனை வெளிச்சம் கிடைக்கும் துருவம் ஏன் உறைந்து கிடக்கிறது? ஜூன் 21 அன்று வளிமண்டலத்தின் உச்சியில் வந்து விழும் வெயிலை நாள் சராசரியாகக் கணக்கிட்டால் ஆனையிறவுக்கு மேலே ஒரு சதுர மீற்றருக்கு ஏறக்குறைய 420 வாட். வட துருவத்துக்கு மேலே ஏறக்குறைய 520 வாட். கணக்குப் பிழையில்லை. அந்த நாளில் துருவத்துக்கு நம்மைவிட நான்கில் ஒரு பங்கு அதிக வெயில். அங்கே சூரியன் ஒருபோதும் உச்சிக்கு ஏறாது, அதிகபட்சம் 23.4 பாகை. நமக்கு ஜூன் மாதக் காலை ஏழரை மணி தாண்டியதும் இருக்கும் வெயில் அது. ஆனால் அந்த ஏழரை மணி வெயில் இருபத்துநான்கு மணித்தியாலமும் நிற்கிறது. பிறகு என்ன குறை? சரிந்து வருவதால் ஒளி நீண்ட தூரம் காற்றைக் கடந்து இளைக்கிறது. இளைத்து வந்ததையும் வெண்பனி வாங்கிக்கொள்வதில்லை. புதுப்பனி பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் திருப்பி எறிந்துவிடும். உப்பளத்தில் வேலை செய்தவருக்கு இது தெரிந்த சங்கதி. தண்ணீர் நிற்கும் பாத்தி வெயிலைக் குடித்துக்கொண்டே இருக்கும். உப்புப் பூத்து வெளுத்த பாத்தியோ வெயிலை முகத்தில் அடிக்கும், கண் கூசும். ஆனையிறவிலும் குறிஞ்சாத்தீவிலும் உப்பு விளைவது கருமையான தண்ணீரும் சித்திரை வெயிலும் சோளகக் காற்றும் சேர்ந்து செய்யும் வேலை. துருவம் ஆண்டு முழுதும் வெளுத்த பாத்தி. இப்போது ஆர்க்டிக் கடற்பனி கோடையில் சுருங்கச் சுருங்க, அடியிலிருந்து கறுத்த கடல் வெளிப்பட்டு வெயிலைக் குடிக்கத் தொடங்கியிருக்கிறது. அது கூடுதலான பனியை உருக்கும், அது மேலும் கறுத்த கடலைத் திறக்கும். பூமி சூடாகும் வேகத்தில் ஆர்க்டிக் முந்திப் போவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

அச்சின் சாய்வும் அசையாத ஒன்றல்ல. 41,000 ஆண்டுக்கு ஒரு சுற்றாக 22.1 பாகைக்கும் 24.5 பாகைக்கும் இடையே அது போய்வருகிறது. இப்போது நிமிர்ந்துகொண்டிருக்கிறது, அதனால் ஆர்க்டிக் வட்டம் ஆண்டுக்கு ஏறக்குறைய 14, 15 மீற்றர் வடக்கே நகர்கிறது. உயர் வடக்கின் கோடை வெயில் இப்படி ஏறி இறங்குவதுதான் பனியுகங்களுக்குத் தாளம் போட்டது என்று செர்பிய நாட்டு மிலான்கோவிச் கணக்குப் போட்டுக் காட்டினார்.

அந்த வடக்கில் நம்மவர் போய்க் குடியேறியது தனிக் கதை. நோர்வேக்கு முதலில் போன தமிழராக அறியப்படும் அன்ரனி இராஜேந்திரம் 1956இல் போனார். அவர் தொடக்கிவைத்த தொடர்பில்தான் காரைநகரில் சீநோர் மீன்பிடி நிறுவனம் எழுந்தது. எண்பதுகளில் போர் மூண்டபோது இளைஞர் பலர் அந்த வழியே போய், ஃபின்மார்க் கரையோரத்து மீன் தொழிற்சாலைகளில் வேலைக்கு நின்றார்கள். பன்னிரண்டு மணித்தியாலப் பகலுக்குப் பழகிய உடம்பு அது. நம் மூளைக்குள் ஓடும் நாள்கடிகாரத்தைக் காலை வெளிச்சம்தான் தினமும் சரிசெய்து வைக்கிறது; இருட்டினால் உறக்கத்துக்கான மெலடோனின் சுரக்கும். வெளிச்சம் ஓயாவிட்டால் உறக்கம் வராது, ஓய்ந்தே கிடந்தால் விழிப்பு வராது. கோடையில் கறுப்புத் திரை போட்டுப் படுப்பதும், மாரியில் அலாரத்தை மட்டும் நம்பி எழும்புவதும் அங்கே வழக்கம். தோலின் கணக்கு இன்னொன்று. கறுத்த தோல் விற்றமின் டி செய்ய அதிக வெயில் கேட்கும். இலங்கையில் வாழும் இலங்கையரையும் நோர்வேயில் வாழும் இலங்கையரையும் ஒப்பிட்டு 2008இல் வெளிவந்த ஓர் ஆய்வு, நோர்வேயில் இருப்பவர்களின் இரத்தத்தில் அது கணிசமாகக் குறைந்திருப்பதைக் கண்டது. நோர்வேக்காரர் தலைமுறை தலைமுறையாக மாரியில் ஒரு கரண்டி கொட் மீனெண்ணெய் குடிப்பது வீண்வழக்கமல்ல. அங்கேயே பிறந்த கலைமான் வேறு வழி கண்டிருக்கிறது: ஆழ்ந்த மாரியிலும் நடுக்கோடையிலும் அது நாள்கடிகாரத்தையே நிறுத்திவைத்து, பசித்தால் மேய்ந்து களைத்தால் படுக்கிறது. அதன் கண்ணின் பின்திரை கோடையில் பொன்னிறமாகவும் மாரியில் நீலமாகவும் மாறுவது 2013இல் தெரியவந்தது. நீலம், அந்த நீண்ட மைம்மலின் நிறம்.

பஞ்சாங்கம் அங்கே திண்டாடும். இராகு காலம் என்பது உதயத்திலிருந்து அஸ்தமனம் வரை உள்ள பகலை எட்டாகப் பிரித்ததில் ஒரு பங்கு. ஆனையிறவில் அது ஒன்றரை மணித்தியாலத்தை ஒட்டி இருக்கும். ஃபின்மார்க்கில் ஜூன் மாதம் அதே கணக்கைப் போட்டால் இராகு காலம் மூன்று மணித்தியாலம். டிசெம்பரில் இராகு காலமே இல்லை, ஆண்டின் மிக நல்ல மாதம் அதுதான் என்றாகிவிடும். நோன்பு பிடிக்கும் முஸ்லிம்களுக்கு மார்க்க அறிஞர்கள் மக்காவின் நேரத்தையோ பகலிரவு ஒழுங்காக வரும் அயல் ஊரின் நேரத்தையோ கொள்ளலாம் என்று வழி சொல்லியிருக்கிறார்கள். தென் துருவத்தில் எல்லா நெடுங்கோடுகளும் ஒன்றாய் முடிவதால் அங்குள்ள அமெரிக்க நிலையம் பேசாமல் நியூசிலாந்து நேரத்தை வைத்துக்கொண்டது. சாமான் அங்கிருந்துதான் வருகிறது.

ஃபின்மார்க்கின் கிழக்குக் கோடியில் வார்டோ என்று ஒரு மீன்பிடி ஊர். அதற்கும் தமிழ்க் கரைக்கும் 1769லேயே ஒரு தொடுப்பு விழுந்தது. அந்த ஜூன் 3, 4இல் வெள்ளி சூரியனைக் கடந்தது. பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தை அளக்க ஐரோப்பா உலகெங்கும் ஆட்களை அனுப்பியது. பிரெஞ்சுக்காரர் லெ ஜென்தில் அதற்காகப் புதுச்சேரிக்கு வந்து காத்திருந்தார். 1761இன் கடப்பை, ஊர் ஆங்கிலேயர் கையில் போனதால் நடுக்கடலில் தவறவிட்டவர் அவர். காத்திருந்த நாட்களில் ஒரு தமிழரிடம் கிரகணக் கணிதம் கேட்டு, 1765இன் சந்திர கிரகண நீளத்தை வாக்கிய முறையில் ஒரு நிமிடப் பிழைகூட இல்லாமல் அந்தத் தமிழர் கணித்துக் காட்டியதைப் பதிவு செய்தார். கடப்பு நாள் காலையில் மட்டும் புதுச்சேரி வானம் மூடிக்கொண்டது. வார்டோவில் மாக்ஸிமிலியன் ஹெல் என்ற பாதிரியார் நடுச்சாமத்தில் அதே கடப்பைப் பார்த்துக் குறித்தார். ஐரோப்பாவின் பெரும்பகுதியில் சூரியன் பட்டுப்போயிருந்தது. அவருக்கு அது படவில்லை.

கடைசியாக நம் ஊருக்கே திரும்புவோம். ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 5 முதல் சூரியன் இலங்கைக்கு நேர் மேலே உச்சம் கொடுக்கும் என்று வளிமண்டலவியல் திணைக்களம் அறிவிக்கும். தெற்கே தேவேந்திரமுனையில் தொடங்கி நாளுக்கு நாள் வடக்கே ஏறி, ஏப்ரல் 14 அளவில் அது ஆனையிறவுக்கு வரும். சித்திரைப் புத்தாண்டு. மத்தியானம் பன்னிரண்டே கால் ஆகும் முன் உப்பளத்து வரம்பில் ஒரு தடியை நிமிர்த்தி நட்டுப் பாருங்கள். நிழல் தடியின் அடிக்குள் போய்விடும். சூரியன் நம் அகலாங்கான 9.5 பாகைக்கு வந்துவிட்டது என்பதுதான் அதன் பொருள். அந்த நேரம் வட துருவத்தில் நிற்பவனுக்கும் சூரியன் தொடுவானத்துக்கு மேலே அதே 9.5 பாகையில், ஒரு முஷ்டி உயரத்தில், நிற்கிறது. கிளம்பி நான்கு வாரமாகிறது. அவன் பனியில் நட்ட தடிக்கு ஆறு தடி நீளத்தில் நிழல் விழுந்து, நீளாமலும் குறுகாமலும் இருபத்துநான்கு மணித்தியாலத்துக்கு ஒரு தரம் தடியைச் சுற்றி வருகிறது.